கைடு மேஜைக்குப் போகிற கிராஃப்: ஆர் மென்பொருளில் ஆய்வுத் தரவை ஒழுங்காக வரைய முழு வழிகாட்டி

ஆர் மென்பொருளில் ஒரு கிராஃப் வரவழைக்க ஒரு வரி போதும். அதே கிராஃப்பை ஆய்வேட்டில் ஒட்டி, கைடு கேள்வி கேட்காமல் பக்கத்தைத் திருப்புகிற நிலைக்குக் கொண்டுவர எனக்கு முதல் தடவை மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டரை வாரம், வேலைகளை வரிசை தப்பிச் செய்ததால் போனது. நிறம், எழுத்து, தலைப்பு என்று கண்ணில் படுவதை எல்லாம் முதலில் செதுக்கிவிட்டு, அச்சில் எவ்வளவு அகலம் வரும் என்பதைக் கடைசியில் யோசித்தேன். எல்லாம் தலைகீழ். அந்தத் தலைகீழை நிமிர்த்தி வைத்த வரிசைதான் கீழே இருப்பது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். வேலூரில் பிளாட் என்று சொன்னால் மனை விற்பவர்தான் திரும்பிப் பார்ப்பார், அதனால் கிராஃப் என்றே எழுதுகிறேன். அப்புறம், கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் கொடுத்திருக்கிறேன். அடிக்கோடு, புள்ளி இருக்கும் இடங்களில் அப்படியே போட்டு, ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து ஒன்று நடுவில் நுழைந்தாலும் ஆர் கைவிரித்துவிடும்.

ஆர் இலவசம். 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய புள்ளியியல் மொழி. அதற்கு மேல் ஹேட்லி விக்கம் எழுதிய ஜிஜிபிளாட்2 என்ற தொகுப்பைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம். ஆரிலேயே இருக்கும் பழைய பிளாட் கட்டளை சட்டென்று ஒரு பார்வை பார்க்க நல்லது. அச்சுக்குப் போகிறதை ஜிஜிபிளாட்2-ல் செய்தால் பின்னால் திருத்துவது சுலபம்.

நம் தரவு

வேலூரைத் தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று கிண்டல் செய்வார்கள். அந்த ஆறான பாலாறு வறண்டு கிடந்தாலும் அதன் கரையோரக் கிணறுகளைச் சோதிக்காத ஆராய்ச்சி மாணவர் இந்தப் பக்கம் குறைவு. அதனால் உதாரணத்துக்கும் அதையே எடுக்கிறேன்: வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு என்று ஆறு ஊர், ஊருக்கு ஐந்து கிணறு, கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. மொத்தம் 60 வரிசை. நெடுவரிசைகள் ஐந்து: ஊர், கிணற்று எண், பருவம், டிடிஎஸ் என்கிற மொத்தக் கரைந்த திடப்பொருள், குரோமியம். இது பயிற்சிக்காக நான் கற்பனையாக அமைத்த அட்டவணை, யாருடைய ஆய்வும் இல்லை.

ஆனால் இதில் அலட்சியம் கூடாது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர்ப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போய், வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-ல் தீர்ப்பான ஊர் இது. இங்கே கிணற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு கிராஃப் போட்டால் அதைக் கைடு மட்டும் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள்.

முதல் வேலை: அகலத்தை முடிவு செய்வது

ஆய்விதழில் ஒற்றைப் பத்தி அகலம் பெரும்பாலும் 85 முதல் 90 மில்லிமீட்டர், இரட்டைப் பத்தி 170 முதல் 180. ஆய்வேடு என்றால் ஏ4 பக்கத்தில் ஓரங்கள் போக மிச்சம் என்னவோ அது. நம் கிராஃப்புக்கு 174-க்கு 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? ஆரை ஓட்ட நாம் திறக்கும் ஆர்ஸ்டூடியோ செயலியின் வலது கீழ் சன்னலில் தெரியும் கிராஃப், அந்தச் சன்னலின் அளவுக்கு வரையப்பட்டது. சன்னலை இழுத்தால் கிராஃப்பின் அகலம் மாறும், எழுத்தின் அளவு மாறாது. அங்கே அழகாக இருக்கிறதே என்று எக்ஸ்போர்ட் அழுத்தி எடுத்து வேர்டில் ஒட்டி மூலையைப் பிடித்து இழுத்தால், எழுத்து ஈ மொய்த்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, ஓர் ஆய்விதழிலிருந்து எழுத்தே படிக்க முடியவில்லை என்று படம் திரும்பி வந்தது. அதனால் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையை முதல் நாளே எழுதிவிடுங்கள்: வித் 174, ஹைட் 70, யூனிட்ஸ் என்பதற்கு எம்எம், டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 600. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், சன்னலை நம்பாதீர்கள். அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் என்பதால் 174 மில்லிமீட்டர் 600 டிபிஐ-யில் சுமார் 4,110 பிக்சல் வரும். பழைய பிஎன்ஜி கட்டளை சொல்லாமல் விட்டால் தருவது வெறும் 480-க்கு 480.

கிராஃப்பைத் தொடும் முன் அட்டவணை

கிராஃப் அசிங்கமாக வருவதற்குப் பாதிக் காரணம் அட்டவணையில் இருக்கும்.

ஆய்வகங்கள் கருவிக்கு எட்டாத குறைந்த அளவை எண்ணாக எழுதாமல் பிடிஎல் என்று எழுதித் தரும், கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று அர்த்தம். குரோமியம் நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டத்தில் அந்த மூன்றெழுத்து இருந்தாலும் ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் சொல்லாகப் படித்துவிடும். ஒய் அச்சில் 0.12-ம் 0.4-ம் எண்களாக இல்லாமல் பெயர்களாகச் சம இடைவெளியில் வந்து நிற்கும். இதைச் சரிசெய்யப் பலர் செய்வது, படிக்கும்போதே பிடிஎல்-ஐக் காலி இடமாக மாற்றுவது. என்ன ஆகும் தெரியுமா? அந்தக் கிணறுகள் கிராஃப்பிலிருந்து காணாமல் போகும், காணாமல் போவது எல்லாம் சுத்தமான கிணறுகள், ஊர் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். பூஜ்யம் போட்டாலும் தப்பு, லாக் அச்சுக்கு (சம தூரத்துக்குச் சம மடங்கு ஏறும் அச்சு) போகும்போது பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. நான் செய்வது: கண்டறியும் எல்லையின் மதிப்பையே எண்ணாகப் போட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு நெடுவரிசையில் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று குறித்துவிடுவது. வரையும்போது கிடைக்காததற்கு உள்ளே காலியான வட்டம், கிடைத்ததற்கு நிரப்பிய வட்டம். படத்தின் அடிக்குறிப்பில் ஒரு வாக்கியம் சேர்த்தால் முடிந்தது. ஆனால் இப்படிப் போட்ட எண்கள் வரைவதற்கு மட்டும்தான், சராசரிக் கணக்கில் அவற்றைக் கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது ஊர் வரிசை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஆர் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும். என் முதல் கிராஃப்பில் ஆம்பூர், ஆற்காடு, பள்ளிகொண்டா, ராணிப்பேட்டை, வாணியம்பாடி, வேலூர் என்று வந்திருந்தது. கைடு பார்த்துவிட்டு, “இன்னாப்பா, பாலாறு ராணிப்பேட்டை வரைக்கும் போயிட்டு வாணியம்பாடிக்குத் திரும்பி வருதா?” என்றார். நியாயமான கேள்வி. ஆற்றுத் தரவை ஆற்றின் போக்கில்தான் அடுக்க வேண்டும், அப்போதுதான் கீழே போகப் போக என்ன ஆகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஃபேக்டர் கட்டளையில் லெவல்ஸ் என்ற இடத்தில் வாணியம்பாடி தொடங்கி ஆற்காடு வரை நீங்களே எழுதிக் கொடுங்கள். ராணிப்பேட்டையும் ஆற்காடும் எதிரெதிர்க் கரை என்பதால் அவற்றில் எதை முன்னால் வைத்தாலும் சண்டை வராது. எழுத்துப்பிழை மட்டும் கவனம், லெவல்ஸில் உள்ள பெயர் அட்டவணையில் உள்ளதோடு ஓர் எழுத்து பிசகினாலும் அந்த ஊர் மொத்தமும் காலியாகிவிடும், ஆர் ஒரு வார்த்தை சொல்லாது. மாதங்களுக்கும் இதே வைத்தியம்தான், இல்லையென்றால் வருடம் ஏப்ரலில் தொடங்கும்.

அடுக்கடுக்காக வரைவது

ஜிஜிபிளாட்2-ல் கிராஃப் என்பது அடுக்குகள். முதலில் எந்த அட்டவணை, அதில் எந்த நெடுவரிசை எந்த அச்சுக்கு என்று எயிஸ் என்ற அடைப்புக்குள் சொல்ல வேண்டும். பிறகு கூட்டல் குறி போட்டுப் போட்டு அடுக்குகளைச் சேர்க்க வேண்டும். பின்னால் எழுதியது மேலே விழும். கூட்டல் குறி வரியின் கடைசியில் இருக்க வேண்டும். அடுத்த வரியின் தொடக்கத்தில் வைத்தால் முதல் வரியோடு வேலை முடிந்துவிட்டது என்று ஆர் நினைத்துக்கொள்ளும்.

நம் தரவில் ஒரே கிணறு இரண்டு பருவத்தில் அளக்கப்பட்டிருக்கிறது. இதைப் பெட்டி வரைபடமாகப் போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஐந்து கிணற்றுக்குப் பெட்டியா? பெட்டி காட்டுவதே ஐந்து எண்கள்தான், அதற்கு அந்த ஐந்து புள்ளிகளையே வைத்துவிடலாம். என் யோசனை: எக்ஸ் அச்சில் பருவம், ஒய் அச்சில் டிடிஎஸ், ஃபேசட்_ரேப் கொண்டு ஊருக்கு ஒரு கட்டம், என்ரோ 1 என்று சொல்லி ஆறு கட்டங்களும் ஒரே வரிசையில் ஆற்றின் போக்கில். ஜியோம்_லைன் போட்டு ஒவ்வொரு கிணற்றின் கோடைப் புள்ளியையும் மழைக்குப் பின் வந்த புள்ளியையும் கோட்டால் இணைத்துவிடுங்கள். எயிஸுக்குள் குரூப் என்பதற்குக் கிணற்று எண்ணைக் கொடுப்பது அவசியம், கொடுக்காவிட்டால் கோடு பருவத்திலிருந்து பருவத்துக்குப் போகாமல் ஒரே பருவத்தின் புள்ளிகளைச் செங்குத்தாகச் சேர்த்துவிடும். கோடு முதலில், ஜியோம்_பாயின்ட் பிறகு, அப்போதுதான் புள்ளி கோட்டுக்கு மேல் உட்காரும்.

எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி: புள்ளிகள் நீலமாக வேண்டும் என்று எயிஸுக்குள் கலர் என்பதற்கு நீலம் என்று எழுதுவது. வருவது இளஞ்சிவப்பு, பக்கத்தில் நீலம் என்று ஒரு லெஜெண்ட், அதாவது நிற விளக்கப் பெட்டி வேறு. எயிஸுக்குள் எழுதுவதை எல்லாம் அது தரவு என்றே எடுத்துக்கொள்ளும். நிலையான நிறம் என்றால் எயிஸுக்கு வெளியே, ஜியோம்_பாயின்ட்டின் அடைப்புக்குள். கோட்டின் தடிமனுக்கு ஜிஜிபிளாட்2-ன் 3.4.0 பதிப்பிலிருந்து லைன்வித் என்று எழுத வேண்டும். சைஸ் என்று சொல்லித்தரும் குறிப்புகள் அதற்கு முந்தையவை.

புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஜியோம்_ஜிட்டர் கொஞ்சம் சிதறித் தரும். ஆனால் சும்மா விட்டால் அது மேலும் கீழும்கூட நகர்த்தும், அதாவது உங்கள் அளவீட்டையே மாற்றி வரையும். ஹைட் 0 என்று கட்டாயம் கொடுங்கள். நம் கிராஃப்பில் கோடு இணைக்கிறது என்பதால் ஜிட்டர் வேண்டாம், கோடு ஓரிடத்திலும் புள்ளி வேறிடத்திலும் நிற்கும்.

அச்சுகள்

ஒரு கிணறு 400, இன்னொன்று 6,000 என்று இருந்தால் சாதாரண அச்சில் சின்ன எண்கள் எல்லாம் தரையோடு ஒட்டிவிடும். ஸ்கேல்_ஒய்_லாக்10 சேர்த்து, பிரேக்ஸ் என்பதற்கு 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று கொடுத்துப் பாருங்கள். லாக் அச்சு என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 4000-க்கும் 8000-க்கும் உள்ள தூரத்தை 250-க்கும் 500-க்கும் உள்ளதாகவே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

எல்லைக் கோடுகள் இல்லாமல் இந்த கிராஃப்புக்கு அர்த்தமே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500, 2012 பதிப்பின்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. குரோமியத்துக்கு 0.05, அதில் தளர்வே கிடையாது. ஜியோம்_ஹெச்லைன் கொண்டு 500-லும் 2000-லும் விட்டுவிட்டுப் போகும் கோடு சாம்பல் நிறத்தில் போடுங்கள். இந்த அடுக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதினால் அது புள்ளிகளுக்குப் பின்னால் நிற்கும். கோட்டின் பெயரை அனோடேட் கொண்டு எழுதினால் ஆறு கட்டத்திலும் ஆறு தடவை வரும். ஒரு கட்டத்தில் மட்டும் வேண்டுமென்றால் ஆற்காடு என்ற ஊரோடு ஒரு வரிசை மட்டும் உள்ள குட்டி அட்டவணை செய்து ஜியோம்_டெக்ஸ்டுக்கு அதைக் கொடுங்கள். அந்தக் குட்டி அட்டவணையிலும் ஊருக்கு அதே ஃபேக்டர் வரிசை இருக்கட்டும், இல்லையென்றால் கட்டங்களின் வரிசை குலைந்து பாலாறு மறுபடியும் ஏறி இறங்கும்.

இப்போது மிக மோசமான குழி. அச்சை 3000-ல் நிறுத்தலாம் என்று ஸ்கேலுக்குள் லிமிட்ஸ் கொடுத்தால், அதற்கு மேலே உள்ள கிணறுகளை ஆர் தரவிலிருந்தே தூக்கிவிட்டுத்தான் கணக்குப் போடும். சராசரிக் கோடு, பெட்டி, போக்குக் கோடு எல்லாம் மாறிவிடும், உங்களுக்குக் கிடைப்பது சிவப்பு எழுத்தில் இத்தனை வரிசை நீக்கப்பட்டது என்ற ஒரு வரி எச்சரிக்கை மட்டும். எதையும் அழிக்காமல் பார்வையை மட்டும் சுருக்க கோஆர்ட்_கார்ட்டீசியன் இருக்கிறது, அதற்குள் ஒய்லிம் கொடுங்கள். அதேபோல் ஃபேசட்டில் ஸ்கேல்ஸ் என்பதற்கு ஃப்ரீ என்று கொடுக்காதீர்கள். ஆம்பூரின் உச்சியும் பள்ளிகொண்டாவின் உச்சியும் ஒரே உயரத்தில் தெரியும், எண்ணைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

நிறம்

காசு மிச்சம் பிடிக்கக் காட்பாடி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆய்வேட்டின் முதல் பிரதியைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு என்பது வேறு. அதனால் எங்கேயும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், வடிவத்தையோ நிரப்பு, காலி என்பதையோ கூடச் சேருங்கள். நம் கிராஃப்பில் பருவத்தை எக்ஸ் அச்சே சொல்லிவிடுகிறது, ஊரைக் கட்டத்தின் தலைப்பு சொல்லிவிடுகிறது, நிறத்துக்கு வேலையே இல்லை. ஒரே அடர்நீலம் போதும். நிறம் தேவைப்படும் வேறு கிராஃப்புக்கு ஆர் 4.0-விலிருந்து பேலட்.கலர்ஸ் என்ற கட்டளை ஒகாபே-இட்டோ நிறங்களைத் தரும், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் பிரிந்து தெரிய வேண்டும் என்றே தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை. அதில் வரும் மஞ்சளை மட்டும் வெள்ளைத் தாளில் மெல்லிய கோட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தமிழ் எழுத்து

இங்கேதான் நம் ஆட்கள் பலர் வெறுத்துப்போய் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். எக்ஸ் அச்சில் கோடை என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் எங்கேயோ என்று சிதறி வரும், அல்லது வெறும் கட்டங்களாக வரும். கட்டம் வந்தால் எழுத்துரு கிடைக்கவில்லை, சிதறினால் எழுத்துகளைச் சேர்த்து உருவாக்கத் தெரியாத கருவி வரைகிறது. இரண்டும் வேறு நோய், வேறு மருந்து.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கும், கணினியில் நிறுவிவிடுங்கள். சேர்க்கைக்கு ராக் என்ற தொகுப்பை நிறுவி, ஜிஜிசேவுக்குள் டிவைஸ் என்ற இடத்தில் அதன் ஏஜிஜி_பிஎன்ஜி-யைக் கொடுங்கள், கொம்பு ஒழுங்காக முன்னால் வந்து நிற்கும். சாதாரண பிடிஎஃப் கட்டளை தமிழுக்கு ஆகாது. எழுத்துருப் பெயரை, கிராஃப்பின் தோற்றத்தை அமைக்கும் தீமில் டெக்ஸ்ட் என்பதற்கு எலிமெண்ட்_டெக்ஸ்ட் வழியாக ஃபேமிலி என்று கொடுக்க வேண்டும், ஜியோம்_டெக்ஸ்டுக்கு அதைத் தனியாக மறுபடி கொடுக்க வேண்டும். எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று இருக்கும் சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஆர் 4.2-க்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், தமிழ்த் தொல்லையில் பாதி அதோடு போகும்.

இன்னொன்று, தமிழ்ச் சொல் அகலம். ஆறு கட்டத்தை 174 மில்லிமீட்டரில் அடக்கினால் ஒரு கட்டத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர்தான் தேறும், ‘மழைக்குப் பின்’ பக்கத்துக் கட்டத்தின் கோடையோடு முட்டும். ஸ்கேல்_எக்ஸ்_டிஸ்கிரீட்டில் லேபிள்ஸ் கொடுத்து, ‘மழைக்குப்’ என்பதற்குப் பின் வரி உடைத்து ‘பின்’ என்பதைக் கீழே தள்ளிவிடுங்கள். எழுத்தைச் சாய்த்து வைப்பது எனக்குப் பிடிக்காது, கழுத்து வலிக்கும்.

எழுத்தின் அளவு பற்றி ஒரு வினோதம். தீம்_கிளாசிக்குக்குள் பேஸ்_சைஸ் 8 என்றால் 8 பாயின்ட். ஜியோம்_டெக்ஸ்டில் சைஸ் 8 என்றால் 8 மில்லிமீட்டர், பூதம் போல் வந்து நிற்கும். 8 பாயின்ட்டுக்குச் சமமாக வேண்டுமென்றால் அங்கே 2.8 என்று எழுத வேண்டும். அப்புறம் தீம்_கிளாசிக் முதலில், உங்கள் சொந்தத் தீம் மாற்றங்கள் அதற்குப் பிறகு. மாற்றி எழுதினால் நீங்கள் செய்ததை எல்லாம் அது துடைத்துவிடும்.

பிழைக் கோடு, வருடக் கோடு

சராசரியும் பிழைக் கோடும் போட்டே ஆக வேண்டும் என்று கைடு சொன்னால், அது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்று படத்தின் அடியிலேயே எழுதுங்கள். ஐந்து கிணற்றுக்குத் திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தை 2.24-ஆல் வகுத்தது, கோட்டின் நீளம் பாதிக்கும் கீழே போய்விடும். சின்னதாகத் தெரிகிறதே என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல வருட மழை அளவு, நிலத்தடி நீர் மட்டம் போன்ற மாவட்டத் தரவை வரைபவர்களுக்கு இந்தப் பக்கத்தில் தனிச் சிக்கல் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தது, வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல் பிரிந்தன. 2018-ன் வேலூரும் 2021-ன் வேலூரும் பெயரில்தான் ஒன்று. கோட்டை ஒரே மூச்சில் இழுத்தால் 2019-க்குப் பின் தோல் ஆலைகளே குறைந்துவிட்ட மாதிரிகூட ஒரு படம் வரும், அவை ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் கணக்கு மாறிப்போனது கிராஃப்புக்குத் தெரியாது. ஜியோம்_விலைன் கொண்டு பிரிந்த வருடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதைவிட நல்லது மூன்று மாவட்டத்தையும் கூட்டிப் பழைய எல்லைக்கே வரைவது. மழை மாதிரிக் கூட்டக்கூடாத தரவுக்கு அதே மழைமானி நிலையங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வரையலாம்.

கடைசியாக, அச்சு

எழுதிய கட்டளைகளை எல்லாம் ஒரு கோப்பாகச் சேமித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள், புதிதாகத் திறந்த ஆர்ஸ்டூடியோவில். கைடு நாளைக்கே ஏழாவது ஊராக வாலாஜாபேட்டையைச் சேர்க்கச் சொல்லுவார்.

பிறகு படத்தை வேர்டில் வைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். எடுத்ததும் அங்கேயே ஸ்கேல் வாங்கி அகலத்தை அளந்து பாருங்கள், 174 மில்லிமீட்டர் வர வேண்டும். 165, 168 என்று வந்தால் வேர்டோ பிரிண்டரோ பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று சுருக்கிவிட்டது. கடைக்காரரிடம் 100 சதவீதத்தில் போடச் சொல்லி இன்னொரு தாள் எடுங்கள்.